காணொளியிலிருந்து ஒலியை மட்டும் எடுத்து எம்பி3 ஆக்கும் முறை

கைப்பேசியில் எடுத்த காணொளிக் கோப்பின் பெயரில் கடைசியாக உள்ள எம்பி4 என்பதை அழித்துவிட்டு எம்பி3 என்று அடித்தால் அது ஒலிக்கோப்பாகிவிடும் என்ற நம்பிக்கை இன்னும் பலரிடம் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன்பு நானும் அதைத்தான் செய்தேன். எங்கள் ஊர்க் கோயிலில் பன்னிரண்டு நாள் நடந்த தொடர் சொற்பொழிவை, பேசியவரின் அனுமதியோடு, அண்ணன் மகன் கைப்பேசியில் பதிவு செய்திருந்தான். முழங்கால் வலியால் கோயிலுக்கு வர முடியாத அம்மா, அடுப்படியில் வைத்திருக்கும் சிறிய ஸ்பீக்கர் பெட்டியில் அதைக் கேட்க ஆசைப்பட்டார். பன்னிரண்டு கோப்புகளின் பெயரையும் மாற்றிப் பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்தேன். என் கைப்பேசியில் அவை ஒழுங்காக ஒலித்தன. அம்மாவின் பெட்டியிலோ முகப்பில் உள்ள சிவப்பு எண்கள் ஒன்று, இரண்டு, மூன்று என்று ஓடிப் பன்னிரண்டை எட்டி, மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கினவே தவிர, ஒரு சொல்கூட வெளியே வரவில்லை.

காரணம் இதுதான். காணொளிக் கோப்பு ஓர் அடுக்கு டிபன் கேரியரைப் போன்றது. ஓர் அடுக்கில் படம் இருக்கிறது, இன்னோர் அடுக்கில் ஒலி இருக்கிறது, சிலவற்றில் வசன வரிகளுக்கென்று மூன்றாவது அடுக்கும் இருக்கும். எம்பி4, எம்கேவி, ஏவிஐ, எம்ஓவி, வெப்எம் என்பவையெல்லாம் கேரியரின் பெயர்களே ஒழிய, உள்ளே இருக்கும் பண்டத்தின் பெயர்கள் அல்ல. மேலே ஒட்டியிருக்கும் சீட்டை மாற்றினால் சாம்பார் ரசமாகிவிடாது. கைப்பேசி கெட்டிக்காரத்தனமாக மூடியைத் திறந்து, உள்ளே என்ன இருக்கிறதென்று பார்த்துவிட்டு ஒலிக்கிறது. மலிவான ஸ்பீக்கர் பெட்டியில் இருக்கும் சில்லுக்கு எம்பி3-ஐயும் இன்னும் ஓரிரு வடிவங்களையும் தவிர வேறெதுவும் தெரியாது என்பதால், அது திகைத்து அடுத்த கோப்புக்குத் தாவிவிடுகிறது.

ஆகவே முதலில் செய்ய வேண்டியது, கோப்புக்குள் எந்த வகை ஒலி இருக்கிறது என்று பார்ப்பது. இதற்கும், பின்னால் வரும் மாற்றும் வேலைக்கும் நான் பரிந்துரைப்பது விஎல்சி மென்பொருளைத்தான். 1996-இல் பாரிஸ் அருகே உள்ள எக்கோல் சென்ட்ரல் கல்லூரியின் மாணவர்கள் தொடங்கிய திட்டத்திலிருந்து வந்த இது, 2001 முதல் கட்டற்ற மென்பொருளாகக் கிடைக்கிறது. பணம் கேட்பதில்லை, விளம்பரம் காட்டுவதில்லை. காணொளியை விஎல்சியில் ஓடவிட்டு, விண்டோஸ் கணினியில் கன்ட்ரோல் விசையோடு ஜே எழுத்தை அழுத்தினால் 'கோடெக் இன்ஃபர்மேஷன்' என்ற சாளரம் திறக்கும். அதில் படத்துக்கும் ஒலிக்கும் தனித்தனிப் பகுதிகள் இருக்கும். ஒலிப் பகுதியில் வடிவத்தின் பெயர், நொடிக்கு எத்தனை மாதிரிகள் (அதாவது ஒலியை எத்தனை முறை அளந்து பதிந்திருக்கிறது), எத்தனை தடங்கள் (ஒன்றென்றால் மோனோ, இடம் வலம் என இரண்டென்றால் ஸ்டீரியோ) என்ற மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கைப்பேசிக் காணொளிகளிலும் வாட்ஸ்அப்பில் வருபவற்றிலும் பெரும்பாலும் ஏஏசி என்ற வடிவமே இருக்கும். வெப்எம் கோப்புகளில் ஓபஸ் அல்லது வோர்பிஸ் இருக்கும். பழைய ஏவிஐ கோப்புகளில் ஒலி ஏற்கெனவே எம்பி3 ஆகவே இருப்பது உண்டு. டிவிடி தட்டுகளில் ஏசி-3, எம்பி2 அல்லது சுருக்கப்படாத பிசிஎம் இருக்கும். மாதிரி எண்ணிக்கை காணொளிகளில் வழக்கமாக நொடிக்கு 48,000. இசைத்தட்டான சிடியில் 44,100.

இனி, எந்த வடிவத்துக்கு மாற்றுவது? தரத்தை மட்டும் பார்த்தால் எம்பி3 மிகச் சிறந்த வடிவம் அல்ல. 1990-களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் ஃப்ரான்ஹோஃபர் நிறுவனத்தார் பெரும்பங்காற்றி உருவான அந்த முறையைவிட, 1997-இல் வந்த ஏஏசியும் 2012-இல் தரப்படுத்தப்பட்ட ஓபஸும் அதே அளவுக்குள் தெளிவான ஒலியைத் தருகின்றன. ஆனால் பேருந்து நிலையக் கடையில் வாங்கிய ஸ்பீக்கர் பெட்டி, பதினைந்து ஆண்டு பழைய கார் ஸ்டீரியோ, பொத்தான் வைத்த கைப்பேசி, கோயில் ஒலிபெருக்கியோடு இணைத்திருக்கும் யுஎஸ்பி கருவி ஆகிய எல்லாவற்றுக்கும் பொதுவாகத் தெரிந்த ஒரே வடிவம் எம்பி3 தான். 2017 ஏப்ரலில் அதன் காப்புரிமை உரிமத் திட்டம் முடிவுக்கு வந்தபோது எம்பி3 செத்துவிட்டது என்று சிலர் எழுதினார்கள். உண்மையில் நடந்தது அதற்கு நேர்மாறு: அன்று முதல் யாருக்கும் கட்டணம் கட்டாமல் எவரும் அதைப் பயன்படுத்தலாம் என்றாயிற்று.

அடுத்து அளவு. எம்பி3-இல் ஒரு நொடி ஒலிக்கு எத்தனை கிலோபிட் ஒதுக்குகிறோம் என்பதுதான் கோப்பின் பருமனையும் தரத்தையும் தீர்மானிக்கிறது. கணக்கு எளிது. 128 கிலோபிட் என்றால் நொடிக்கு 16,000 பைட், ஒரு மணி நேரத்துக்கு 57.6 மெகாபைட், சுருக்கமாக எம்பி. 192 என்றால் மணிக்கு 86.4 எம்பி, உச்ச அளவான 320 என்றால் 144 எம்பி. பேச்சுக்கு ஒரே தடத்தில் 64 கிலோபிட் போதும், அது மணிக்கு 29 எம்பிக்குள் அடங்கிவிடும். நாதஸ்வரம், தவில், வீணை போன்றவற்றுக்கு 192-க்குக் குறையாமல் வைப்பது என் வழக்கம். தவிலின் அடியும் தாளத்தின் கணீரென்ற ஒலியும் குறைந்த அளவில் நீர்த்துப்போய், தகரத்தில் மழை விழுவது போலக் கேட்கும். அதே சமயம், கைப்பேசியில் மங்கலாகப் பதிவான ஒலியை 320-இல் மாற்றுவதால் அது தெளிந்துவிடாது. இல்லாததை எந்த மாற்றமும் கொண்டுவராது, கோப்பு மட்டும் பருக்கும்.

விஎல்சியில் மாற்றுவது

மென்பொருளின் பட்டிகளில் உள்ள சொற்களை ஒலிப்பின்படியே தருகிறேன். விஎல்சியைத் திறந்து, 'மீடியா' பட்டியில் 'கன்வர்ட் / சேவ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். கன்ட்ரோலோடு ஆர் அழுத்தினாலும் அதே சாளரம் வரும். 'ஆட்' பொத்தானை அழுத்தி உங்கள் காணொளியைத் தேர்ந்தெடுத்து, கீழே உள்ள 'கன்வர்ட் / சேவ்' பொத்தானை அழுத்தினால் இரண்டாவது சாளரம் திறக்கும். அங்கே 'ப்ரொஃபைல்' என்ற பட்டியலில் 'ஆடியோ - எம்பி3' என்பதைத் தேர்ந்தெடுங்கள். பட்டியலுக்குப் பக்கத்தில் ஸ்பேனர் வடிவில் ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தி, 'ஆடியோ கோடெக்' பகுதிக்குச் சென்றால் பிட் அளவு, தடங்களின் எண்ணிக்கை, மாதிரி எண்ணிக்கை ஆகிய மூன்றையும் மாற்றலாம். முன்னிருப்பாக 128, 2, 44100 என்று இருக்கும். இசைக்கு முதல் எண்ணை மட்டும் 192 ஆக்குங்கள். மாதிரி எண்ணிக்கை மூலத்தில் 48,000 ஆக இருந்தாலும் இங்கே 44,100-ஐ விட்டுவிடுவதே நல்லது. காதுக்கு வேறுபாடு தெரியாது, பழைய கருவிகளுக்கோ அதுதான் பழகிய எண். 22,050 போன்ற குறைந்த எண்களை வைத்தால் சில பெட்டிகள் ஒலிக்க மறுக்கும்.

பிறகு 'டெஸ்டினேஷன் ஃபைல்' எதிரே உள்ள 'ப்ரௌஸ்' பொத்தானை அழுத்தி, புதிய கோப்பு எங்கே, எந்தப் பெயரில் அமைய வேண்டும் என்று குறிப்பிட வேண்டும். இங்கே இரண்டு இடங்களில் சறுக்கல் நேர்கிறது. பெயரின் முடிவில் புள்ளியும் எம்பி3-யும் நீங்களே ஆங்கில எழுத்தில் அடிப்பது பாதுகாப்பு. இல்லையெனில் வேறு வாலோடு கோப்பு உருவாகக்கூடும். மூலக் காணொளியையே இலக்காகத் தேர்ந்தெடுத்துவிட்டால் காணொளியும் போய் ஒலியும் கிடைக்காமல் போகும் என்பதால், புதிய கோப்புகளுக்கென்று தனி அடைவு (ஃபோல்டர்) ஒன்றை முதலிலேயே உருவாக்கிக்கொள்ளுங்கள். எல்லாம் சரியென்றால் 'ஸ்டார்ட்' அழுத்துங்கள். திரையில் படமோ ஒலியோ வராது. கீழே உள்ள நேரக்கோடு மட்டும் வேகமாக நகரும். ஒன்றும் நடக்கவில்லை என்று நினைத்துப் பலர் இந்தக் கட்டத்தில் மென்பொருளை மூடிவிடுகிறார்கள், விளைவு பாதிக் கோப்பு. கோடு இறுதிவரை சென்று தொடக்கத்துக்குத் திரும்பும் வரை காத்திருங்கள்.

பல கோப்புகளை ஒரே தடவையில் சேர்த்தாலும் விஎல்சி வரிசையாக மாற்றித் தரும். அப்போது பெயரைக் கேட்காது. மூலம் இருக்கும் அதே அடைவில் தானே பெயரிட்டு வைத்துவிடும்.

இணையத்தில் கோப்பை ஏற்றினால் எம்பி3 ஆக்கித் தரும் தளங்கள் ஏராளமாக இருக்கின்றன. அவற்றை நான் தவிர்ப்பதற்குக் காரணம் இரண்டு. ஒரு மணி நேரக் காணொளி பல ஜிபி இருக்கும், ஐம்பது எம்பி ஒலிக்காக அவ்வளவையும் மேலேற்றுவது வீண். மேலும், வீட்டு விசேஷத்தின் காணொளியை முகம் தெரியாத ஒருவருடைய கணினிக்கு அனுப்புவானேன்? அதேபோல, பிறர் உரிமையுள்ள பாடல்களையும் படங்களையும் பற்றி இங்கே நான் பேசவில்லை. நீங்களே பதிவு செய்தவற்றுக்கும், உரியவர் சம்மதித்தவற்றுக்கும் உரிய வழிமுறை இது.

பழைய கல்யாண டிவிடி

பெட்டியின் அடியில் கிடக்கும் கல்யாண டிவிடிகளுக்குத் தனியாக ஒரு பத்தி தேவை. அவற்றில் பாட்டிமார் பாடிய நலங்குப் பாட்டும், மாமாவின் கேலிப் பேச்சும் இருக்கின்றன. பாடியவர்களில் பலர் இன்று இல்லை. தட்டைத் திறந்து பார்த்தால் விஓபி என்ற வாலுடைய கோப்புகள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டு இருக்கும். அவை ஏறத்தாழ ஒரு ஜிபிக்கு ஒன்றாக இயந்திரம் துண்டித்தவை என்பதால், ஒரு பாட்டின் பல்லவி ஒன்றிலும் சரணம் அடுத்ததிலும் போய் விழும். எனவே தனித்தனிக் கோப்பாக மாற்றாமல், விஎல்சியின் 'கன்வர்ட் / சேவ்' சாளரத்தில் 'டிஸ்க்' என்ற பிரிவுக்குச் சென்று, டிவிடியைத் தேர்ந்தெடுத்து, 'டைட்டில்' எதிரே 1 என்று குறித்துவிட்டு மேலே சொன்னபடியே தொடருங்கள். தொடர்ச்சியான ஒரே ஒலிக்கோப்பு கிடைக்கும். இன்றைய மடிக்கணினிகளில் தட்டு ஓட்டி இல்லாததால், யுஎஸ்பி வழியாக இணைக்கும் வெளி ஓட்டி ஒன்றை யாரிடமாவது இரவல் வாங்க வேண்டியிருக்கும். எழுதித் தந்த தட்டுகள் ஆண்டுகள் செல்லச் செல்ல வெளிறிப் படிக்க முடியாமல் போகின்றன. ஆகவே தட்டு கையில் இருக்கும்போது ஒலியை மட்டுமல்லாமல், முழு அடைவையும் கணினியில் ஒரு நகல் எடுத்து வைத்துவிடுங்கள்.

தரம் குறையாமல் அப்படியே எடுப்பது

ஏஏசியை எம்பி3 ஆக்கும்போது, ஏற்கெனவே சுருக்கிய ஒன்றை விரித்து மறுபடியும் சுருக்குகிறோம். பிழிந்த தேங்காயை மறுபடி பிழிவது போல, இரண்டாவது பாலில் கொஞ்சம் சத்து குறைந்துதான் வரும். பேச்சில் இது தெரியாது. சேமித்து வைக்க வேண்டிய கச்சேரி என்றால், கேரியரைக் கழற்றி ஒலி அடுக்கை மட்டும் தொடாமல் வெளியே எடுத்து, எம்4ஏ கோப்பாக வைத்துக்கொள்வதே மேல். கைப்பேசிகளிலும் கணினிகளிலும் புதிய கார்களிலும் எம்4ஏ ஒலிக்கும். பழைய பெட்டிக்கு வேண்டும்போது அதிலிருந்து எம்பி3 செய்துகொள்ளலாம். கோப்புக்குள் இருப்பது எம்பி3-ஏ என்று கோடெக் சாளரம் காட்டினால், அதையும் இதே முறையில் இழப்பின்றி எடுத்துவிடலாம்.

இதற்குரிய கருவி எஃப்எஃப்எம்பெக். ஃபாப்ரிஸ் பெல்லார் என்ற பிரெஞ்சு நிரலர் 2000-இல் தொடங்கிய இது, பொத்தான்கள் இல்லாமல், கறுப்புத் திரையில் கட்டளை அடித்து இயக்குவது. தொலைபேசியில் ஒருவருக்குச் சொல்வது போல அந்தக் கட்டளையைச் சொல்கிறேன். எல்லாம் ஆங்கிலச் சிறிய எழுத்துகள். முதலில் எஃப்எஃப்எம்பெக் (ffmpeg) என்ற சொல். இடைவெளி விட்டு, கழித்தல் குறியோடு ஒட்டி ஐ. இடைவெளி விட்டு, காணொளியின் பெயர். இடைவெளி விட்டு, கழித்தல் குறியோடு ஒட்டி வி, என். படம் வேண்டாம் என்பது இதன் பொருள். இடைவெளி விட்டு, கழித்தல் குறியோடு ஒட்டி சி, முக்காற்புள்ளி (மேலும் கீழுமாக இரண்டு புள்ளி), ஏ. இடைவெளி விட்டு, காப்பி (copy) என்ற சொல்; ஒலியை மாற்றாமல் நகலெடு என்பது பொருள். கடைசியாக இடைவெளி விட்டு, எம்4ஏ என்ற வாலோடு புதிய பெயர். எம்பி3 தான் வேண்டுமென்றால், சி முதல் காப்பி வரையுள்ள பகுதிக்குப் பதிலாகக் கழித்தல் குறியோடு பி, முக்காற்புள்ளி, ஏ, பிறகு இடைவெளி விட்டு 128கே என்று அடித்து, புதிய பெயரை எம்பி3 என்று முடியுங்கள். கோப்பின் பெயருக்குள் இடைவெளி இருந்தால் பெயர் முழுவதையும் இரட்டை மேற்கோளுக்குள் வைக்க மறக்காதீர்கள். புதியவர்களுக்கு வரும் பிழைச் செய்திகளில் பாதி இதனால்தான். ஒரு மணி நேரக் கோப்பிலிருந்து ஒலியை இப்படி அப்படியே எடுப்பது சில நொடிகளில் முடிந்துவிடும்.

மேக் கணினி வைத்திருப்பவர்கள் இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. குயிக்டைம் பிளேயரில் காணொளியைத் திறந்து, 'ஃபைல்' பட்டியில் 'எக்ஸ்போர்ட் ஆஸ்', அதில் 'ஆடியோ ஒன்லி' என்று தேர்ந்தெடுத்தால் எம்4ஏ கோப்பு வரும்.

ஒலியில் குறை இருந்தால்

வடிவத்தை மாற்றுவதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. எங்கள் சொற்பொழிவின் மூன்றாம் நாள் பதிவில், சட்டையில் குத்தும் மைக் ஒன்றை இணைத்திருந்ததால், குரல் இடப்பக்கத்தில் மட்டுமே பதிவாகியிருந்தது. வலப்பக்கம் வெறும் மௌனம். இத்தகைய குறைகளுக்கு ஆடாசிட்டி என்ற இலவச ஒலித் தொகுப்பான் ஏற்றது. விஎல்சியில் எடுத்த கோப்பை அதில் திறந்து, தடத்தின் பெயருக்கு அருகிலுள்ள அம்புக்குறியை அழுத்தி 'ஸ்ப்ளிட் ஸ்டீரியோ டு மோனோ' என்பதைத் தேர்ந்தெடுத்தால் இரண்டு தடங்களும் பிரியும். வெறுமையான தடத்தை நீக்கிவிட்டு, எஞ்சியதை ஒற்றைத் தடமாகவே ஏற்றுமதி செய்தால் இரண்டு காதிலும் சமமாகக் கேட்கும். அவசரப்பட்டு இரு தடங்களையும் கலந்து ஒன்றாக்கிவிட்டால் குரலின் அளவு பாதியாகக் குறைந்துவிடும். அதைவிட மோசமான நிலையும் உண்டு: மைக் கம்பி தலைகீழாக இணைக்கப்பட்டு, இடத்தின் அலை மேலே எழும்போதெல்லாம் வலத்தின் அலை கீழே இறங்குவதாகப் பதிவாகியிருந்தால், இரண்டையும் கூட்டியதும் ஒன்றையொன்று அழித்துக் குரலே காணாமல் போகும். தடத்தைப் பெரிதாக்கி அலைகளைக் கண்ணால் பார்த்தாலே இது தெரிந்துவிடும்.

ஒலி மிகவும் மெல்லியதாக இருப்பது இன்னொரு பொதுவான குறை. ஒலியளவை முழுவதுமாக உயர்த்தும் ஆடாசிட்டியின் 'நார்மலைஸ்' வசதியைச் செய்துபார்த்தும் உயரவில்லையென்றால், அலைவரைபடத்தில் எங்காவது ஒற்றை முள்போல ஒரு கோடு உச்சியைத் தொட்டு நிற்கிறதா என்று பாருங்கள். தொடக்கத்தில் யாரோ மைக்கைத் தட்டிப் பார்த்த சத்தமாகவோ, நடுவில் எழுந்த ஒரு கைத்தட்டலாகவோ அது இருக்கும். மென்பொருள் அந்த முள்ளைத்தான் உச்சமென்று எடுத்துக்கொண்டு, அதற்கு மேல் உயர்த்த இடமில்லை என்கிறது. அந்த இடத்தை மட்டும் தேர்ந்தெடுத்துத் தாழ்த்துங்கள் அல்லது வெட்டிவிடுங்கள், பிறகு நார்மலைஸ் செய்யுங்கள்.

பென் டிரைவில் ஏற்றுவது

சரியான எம்பி3 செய்த பிறகும் பெட்டி ஒலிக்க மறுத்தால் குற்றம் பெரும்பாலும் பென் டிரைவின் அமைப்பில் இருக்கும். பழைய கார் ஸ்டீரியோக்களும் சிறு பெட்டிகளும் ஃபேட்32 என்ற அமைப்பை மட்டுமே படிக்கும். 64 ஜிபி, அதற்கு மேற்பட்ட டிரைவுகள் பெரும்பாலும் எக்ஸ்ஃபேட் அமைப்பில் விற்கப்படுவதால் அவற்றை இக்கருவிகள் காலியென்று கருதிவிடுகின்றன. 16 அல்லது 32 ஜிபி டிரைவை வாங்கி ஃபேட்32-இல் ஃபார்மட் செய்துகொள்வது தொல்லையில்லாத வழி. 16 ஜிபியிலேயே 128 கிலோபிட் கோப்புகள் ஏறத்தாழ 270 மணி நேரத்துக்குக் கொள்ளும், அதற்கு மேல் எதற்கு?

கோப்பின் பெயரைத் தமிழில் வைக்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் கார் ஸ்டீரியோவின் சிறு திரையில் தமிழ் எழுத்துகள் கட்டங்களாகவும் கேள்விக்குறிகளாகவும் வரிசைகட்டி நிற்பதைப் பார்த்தவர்கள் அந்த ஆசையை விட்டுவிடுவார்கள். பெயரை ஆங்கில எழுத்தில், 01, 02 என்று இரண்டு இலக்க எண்ணோடு தொடங்குங்கள். வெறும் 1 என்று போட்டால் 10 வந்து 2-க்கு முன்னால் உட்கார்ந்துகொள்ளும். தலைப்பு, பேசியவர், நாள் ஆகியவற்றைத் தமிழில் கோப்பின் உள்விவரங்களில் எழுதலாம். விஎல்சியில் கன்ட்ரோலோடு ஐ அழுத்தினால் வரும் சாளரத்தில் நிரப்பிச் சேமித்தால், கைப்பேசியில் அது அழகாகத் தமிழில் தெரியும். சில பெட்டிகள் பெயர் வரிசையையும் பொருட்படுத்தாமல், டிரைவில் எது முதலில் எழுதப்பட்டதோ அந்த வரிசையிலேயே ஒலிக்கும். அவற்றுக்குக் கோப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக நகலெடுப்பதைத் தவிர வழியில்லை. மேக்கில் ஏற்றியவர்கள், புள்ளியும் அடிக்கோடும் கொண்டு தொடங்கும் மறைகோப்புகளை நீக்கிவிட வேண்டும். இல்லையென்றால் பன்னிரண்டு கோப்புகளை இருபத்துநான்காக எண்ணிக்கொண்டு பெட்டி ஒன்று விட்டு ஒன்று திக்கும்.

பிட் அளவு ஒலிக்கேற்ப மாறும் வகையில் எம்பி3 செய்யும் வசதியை ஆடாசிட்டி உட்படச் சில மென்பொருள்கள் தருகின்றன. பழைய கருவிகள் அத்தகைய கோப்புகளின் கால அளவைத் தவறாகக் காட்டுவதும், முன்னோக்கி நகர்த்தினால் வேறெங்கோ போய் நிற்பதும் உண்டு என்பதால், மாறாத அளவையே தேர்ந்தெடுங்கள்.

முடிந்ததும், மூலக் காணொளியின் கால அளவையும் எம்பி3-இன் கால அளவையும் ஒப்பிடுங்கள். தொடக்கம், நடு, இறுதி ஆகிய மூன்று இடங்களில் கேட்டுப் பாருங்கள். கணினியில் அல்ல, அது எந்தப் பெட்டியில் ஒலிக்கப் போகிறதோ அந்தப் பெட்டியிலேயே கேளுங்கள். அதுவரை மூலக் காணொளியை அழிக்க வேண்டாம். அம்மாவின் பெட்டியில் பதினொரு நாள் சரியாக ஒலித்து, ஏழாம் நாள் மட்டும் நாற்பதாவது நிமிடத்தில் நின்றுபோனதால், அந்த ஒரு கோப்பை மறுபடியும் மாற்ற வேண்டியிருந்தது. மாற்றும்போது மென்பொருளைப் பாதியில் மூடியது நான்தான்.